வால்நட்சத்திரமும் தூரியின் கால்களும்

என் அண்ணன் பைனிரின் மனைவி தூரிக்கு ஓரிடத்தில் நிற்க வராது. வெஸ்ட்மன்னாவில் சால்மன் மீன் அடைக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. இயந்திரம் ஓயும் நேரத்தில்கூடத் தரையைக் கழுவிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளுக்குப் பிடித்துப்போனதோ, கேமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்துவைத்து வானத்தைப் படம் பிடிப்பது.

அந்த அக்டோபரில், சூரியன் மறைந்ததும் மேற்கே வால்நட்சத்திரம் தெரிகிறது என்றார்கள். எங்கள் ஃபாரோ தீவுகளில் மேகம்தான் தெரிந்தது. தூரி தட்டும் கையுமாக ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

"உக்காந்து சாப்பிடேன். நீ நடந்தா மேகம் கலைஞ்சிடுமா?" என்றான் பைனிர்.

"கலைஞ்சாலும் கலையும். நீ மீனப் பாரு, ஆறிப்போகுது."

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே ஓடிவந்தாள். "மர்யுன், கார எடுடி! காசதாலூர் பக்கம் மேகம் விலகுது."

கடலடிச் சுரங்கத்தைத் தாண்டிப் பக்கத்துத் தீவுக்குப் போனோம். வழியெல்லாம் கார்க் கண்ணாடியைத் துடைத்தபடியே வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து!"

"ரோட்ல ஆடு நிக்குது அண்ணி."

"ஹாரன் அடி!"

காசதாலூரில் கடலைப் பார்த்த புல்வெளியில் ஸ்டாண்டை நட்டாள். வால்நட்சத்திரம் மங்கலாக, ஈரத்துணியால் இழுத்துவிட்ட சுண்ணாம்புபோல நின்றது. முதல் படத்தில் எல்லாம் புழுவாக நெளிந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. காற்றில் கேமரா ஆடுகிறது என்றாள். அன்று காற்றே இல்லை.

ஆடு மேய்க்கும் ஹானுஸ் வண்டியை நிறுத்தினார். "கார் ரிப்பேரா?"

"இல்ல, வால்நட்சத்திரத்தப் படம் புடிக்கிறாங்க. கொஞ்சம் லைட்ட அணைங்க."

அணைத்துவிட்டு வந்து நின்றார். "ஏம்மா, எதுக்கு இப்படி நடக்குற? ஊறிப்போன தரை. நீ நடந்தா என் காலுக்கே ஆடுதே."

தூரி சட்டென்று நின்றாள். கேமரா திறந்தது. சற்று நேரத்தில் அவள் குதிகால் தானாக எழுந்தது. கடலிலிருந்து மேகம் ஏறிவந்தது.

"கால் கேக்க மாட்டேங்குதுடி. நீயே அமுக்கு." கேமராவின் பொத்தான் வயரை என் கையில் திணித்துவிட்டுச் சாலையில் விறுவிறுவென்று போய்விட்டாள்.

அமுக்கினேன். படத்தில் வால் முழுக்க விழுந்தது. உடனே மேகம் மூடிக்கொண்டது. மூச்சிரைக்க ஓடிவந்தவள் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"அருமையா வந்திருக்கே!" என்றார் ஹானுஸ்.

"ஆமா. இவ எடுத்தது," என்றாள் தூரி. குரலில் சந்தோஷம் இல்லை.

ஆலைக் கேன்டீனில் அந்தப் படத்தை அவள் பெயரோடு மாட்டினார்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினாள்.

"இடம் பார்த்தது, கேமராவ வெச்சது எல்லாம் நீங்கதானே அண்ணி?"

"நான் அங்க இல்லையே, மர்யுன்."



வால்நட்சத்திரம் போய்விட்டது. டிசம்பரில் எரிகற்கள் விழும் நாட்களில் என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போனாள். நீளமான வயர் வாங்கி, தார்ச்சாலையில் நிறுத்திய காருக்குள்ளிருந்தே அமுக்கியிருக்கிறாள். திரும்பிவந்தபோது நானும் அண்ணன் வீட்டில் இருந்தேன். படத்தில் கடலுக்கு மேல் பளிச்சென்று இரண்டு கோடுகள்.

"ரெண்டும் என்னுது!"

"உக்காந்தா எடுத்த?" என்று பைனிர் வாயைப் பிளந்தான்.

"ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டு."

நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு பூட்ஸைக் கழற்றினாள். அடுத்ததைத் தொட்ட கை நின்றது. பார்வை ஜன்னலுக்குப் போயிருந்தது.

"வடக்கே இன்னும் மேகம் மூடலையே."

கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு சாவியைத் தேடினாள்.