உத்திரமேரூர் மதகடியில் விழுந்தேன்: மண் பாதைக்கு முதல் வண்டி வாங்கிய கதை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் காஞ்சிபுரம் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர். கோமாரி வந்தால் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போட வேண்டும். தார் ரோடு முடிகிற இடத்தில்தான் என் வேலை ஆரம்பமாகும். சைக்கிளில் முழங்கால் தேய்ந்தது போதும் என்று, மண் பாதையில் ஓடக்கூடிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கத் தீர்மானித்தேன். உத்திரமேரூரில் இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு இருப்பதாகத் தெரிந்தது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை பஸ், பதினெட்டு மைல், எண்பத்தைந்து நயா பைசா. எட்டே கால் மணிக்கு உத்திரமேரூர். முதல் வண்டி ஒரு அரிசி மில்லில் நின்றது. பட்டாளத்தில் கழித்துவிட்ட கனமான வண்டி, ஆயிரத்து நூறு ரூபாய். இரண்டாவது, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடையது, சின்ன எஞ்சின், தொள்ளாயிரம். அதைப் பார்த்ததும் பொம்மை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். பெரிய வண்டியின் சத்தத்திலேயே மனது விழுந்துவிட்டது. (முதல் வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான்.)

“ஏரிக்கரையில ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்” என்றார் மில்காரர்.

கரைமேல் ஒன்றரை மைல் நன்றாகவே ஓடியது. மதகுக்குப் பக்கத்தில் பாதை வயலுக்கு இறங்குகிறது. முந்தின நாள் மழை பெய்த களிமண். முன்சக்கரம் வழுக்கியதுதான் தெரியும். அடுத்த கணம் நான் சேற்றில் மல்லாந்து கிடந்தேன், வலது கால் வண்டிக்கு அடியில். எஞ்சின் நின்றுவிட்டது. டாங்கி மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக என் சட்டையில் விழுந்தது. வண்டியை அசைக்கக்கூட முடியவில்லை.

மாட்டு வண்டி ஓட்டி வந்த ஒருவர் இறங்கி என்னைத் தூக்க ஓடிவந்தார். வாயில் பற்றவைத்த பீடி. நான் கத்துவதற்குள் வயல் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“யோவ், அங்கியே நில்லு. பீடிய தண்ணியில போடு. பெட்ரோல் ஒழுவிக்கினு கீது.”

நடவு வயலிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பெயர் ரோசம்மா என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என் வயதுதான் இருக்கும். பீடி வாய்க்காலில் விழுந்து அணைந்தது. அவள் வண்டிக்கு அடியில் கைகொடுத்து, “ஆடாதீங்க சார். நான் தூக்கசொல்ல கால இழுத்துக்கோங்க” என்றாள். வண்டிக்காரரும் கூடப் பிடித்தார். கால் வெளியே வந்தது. சேற்றில் புதைந்திருந்ததால் எலும்புக்கும் தோலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“பெட்ரோல் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எங்கூட்டுக்காரரு தண்ணி எறைக்கிற எஞ்சின் கொட்டாயில வேல செய்றாரு. அது பத்திக்கினத பார்த்துகீறேன்” என்றாள். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மில்லுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. மில்காரர் என் சட்டையைப் பார்த்தார்.

“உங்களயும் மதகாண்டதான் தள்ளிச்சா?”

“முன்னால் யாரைத் தள்ளியது?”

“எங்க தம்பிய. மூணு மாசமா வூட்லயே படுத்துக்கினு கீறான். அதான் விக்கறேன்.”

“சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலியே சார்” என்றார், சாதாரணமாக. வண்டியை அங்கேயே நிறுத்தினேன்.

நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அந்தச் சின்ன வண்டியை வாசலில் வேண்டுமென்றே சாய்த்துப் படுக்கப் போட்டு, தனியாகத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது. வாங்கிவிட்டேன். மண் பாதைக்கு வண்டி தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படவேண்டும். விழுந்தால் நீங்களே நிமிர்த்த முடியவேண்டும். டாங்கி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவரிடம், இதிலிருந்து யார் விழுந்தார்கள் என்று கேளுங்கள். மழைக்கு மறுநாள் களிமண்ணில் இறங்காதீர்கள்.

திங்கட்கிழமை நன்றி சொல்ல அந்த வயலுக்குப் போனேன். ரோசம்மா இடது கையால் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். வலது கையில் துணிக்கட்டு. அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். உள்ளங்கை முழுவதும் கொப்புளம் உடைந்திருந்தது. கொதிக்கிற சைலென்சரைப் பிடித்துத்தான் வண்டியைத் தூக்கியிருக்கிறாள். அன்று முகம்கூடச் சுளிக்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“கைய காட்டப் போனா கூலி போயிடும் சார். நடவு முடியட்டும்.”

வண்டியைத் திருப்பினேன். அரை மணி நேரத்தில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரி கம்பவுண்டரை மருந்துப் பெட்டியோடு பின்னால் உட்காரவைத்து, அதே பாதையில் வரப்பு வரைக்கும் கொண்டுவந்தேன். நடவு முடியும்வரை தினமும் அப்படியே. புண் ஆறியது. சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை.