மணலில் சப்பாத்துத் தடம்

இதையெல்லாம் கேட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? பந்தடிக் கதை வேண்டுமென்றால், பந்தடித்த கிழவர்கள் ஊரில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். முழங்காலைத் தடவிக்கொண்டு நாள் முழுக்கச் சொல்லுவார்கள். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைப் போட்டுடைத்த என்னிடமா வரவேண்டும்? வெட்கம் கெட்ட ஆட்கள். சரி, வந்ததுதான் வந்தீர்கள், இருங்கள். குறுக்கே பேசினால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. ஓலைத்தொடுவாயில் ஊருக்கே ஒரு வானொலிப் பெட்டிதான். அது வாசகசாலையில், கார் பற்றரியில் ஓடியது. அதைத் திருகும் உரிமை என் அப்பாவுக்கு மட்டும். அவர்தான் வாசகசாலைத் தலைவர். பெண்கள் உள்ளே போவதில்லை. அப்படி எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் குறைவு.

அதற்கு முந்தின வருஷம் சோழகக் காற்றில் என் மாமா, அம்மாவின் தம்பி, வள்ளத்தோடு காணாமற்போனார். இரண்டு நாள் கழித்து இலுப்பைக்கடவைக் கரையில் உதடு வெடித்து ஒதுங்கியவரை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். காற்று வரப்போவதை முதல் நாள் பின்னேரமே வானொலியில் சொல்லியிருக்கிறார்கள். வாசகசாலையில் இருந்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. மாமா அந்தப் பக்கம் போகாதவர். அவருக்கு வந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டு நாளும் கடற்கரையை விட்டு அசையாமல் இருந்த மாமி, பிறகு அதைப்பற்றி யாரோடும் ஒரு சொல் பேசவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

இனிப் பந்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் பெரிய போட்டி ஒன்று. நம் நாட்டு அணியும் போகிறது. போகுமுன் ஊர் ஊராகப் போய் விளையாடிப் பழகிய அணி, ஒரு சனிக்கிழமை எங்கள் ஊருக்கும் வந்தது. எங்கள் மைதானம் என்பது கடற்கரை மணலில் நாலு பனங்கம்பு நட்ட இடம். எங்கள் பையன்கள் வெறுங்கால். வந்தவர்கள் எல்லோருக்கும் பளபளவென்று சப்பாத்து. அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். அவ்வளவுதான், ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது.

ஊர் தலைகால் தெரியாமல் ஆடியது. தோற்றது நாங்கள்தான், ஆனால் யாருக்கு அது நினைவிருந்தது? “நாங்களே ஒண்டோடை நிப்பாட்டிப்போட்டம். வெளிநாட்டுக்காரன் விடுவானே?” என்று ஆளுக்காள் கேட்டார்கள். அன்று மாலையே அப்பாவும் வாசகசாலைக்காரரும் கூடி நாட்டு அணியை மதிப்பிட்டு, சிவப்பு மையால் எழுதி, விறாந்தைச் சுவரில் ஒட்டினார்கள். முன்னுக்கு நிற்பவர்களுக்கு ஓட்டம் போதாது. பின்னுக்கு நிற்பவர்கள் ஆமை. கோல் காப்பவருக்குக் கை குட்டை. முதல் விளையாட்டிலேயே ஐந்து கோல் வாங்குவார்கள். கீழே தலைவரின் கையெழுத்து, இரண்டு கோடு இழுத்து.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மாமிக்கு நான்தான் போய் ஒப்பித்தேன். மூன்று தரம் சொல்லச் சொன்னார். “ஆமையாமே?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசைக்கு முன், கடற்காற்று எழும்ப முதல், என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஆடு கட்டப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய். ஆடு வீட்டில்தான் நின்றது.

மணல் முழுவதும் முதல் நாள் காலடிகள் அப்படியே கிடந்தன. வெறுங்கால் தடம் மேலோடு மேலாக. சப்பாத்துத் தடம் ஒவ்வொன்றும் நண்டு வளைபோல ஆழம். மாமி ஒரு தடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை போனது.

“இப்பிடிப் புதையப் புதைய ஓடியிருக்கினம் பார். சப்பாத்துக்குள்ள மண் ரெண்டு கைப்பிடி இருந்திருக்கும். நறுவிலிக்குளத்தில குளக்கட்டுப் புல்லில நடந்திருக்கிறியே நீ?”

“இல்லை மாமி.”

“உங்கட அப்பரும் நடக்கேல்லை. அதுதான் இந்தக் கதை. புல்லில கால் தானாப் போகும்.”

மாமி நறுவிலிக்குளத்து வயற்காரர் வீட்டுப் பெண். கலியாணம் முடித்துத்தான் கடலைப் பார்த்தவர். எங்கள் ஊர் ஆண்களோ, பந்து என்றால் மணலில் உருளுவது என்றே பிறந்து வளர்ந்தவர்கள். மணல் செய்த உதவியைத் தங்கள் கெட்டித்தனம் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

மாமி அதோடு விடவில்லை. கோலுக்கு முன்னால் குந்தி, விரலால் தடங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“பின்னுக்கு நிண்ட நாலு பேரையும் பார். ஒருத்தன் முன்னுக்குப் போன இடத்துக்கு மற்றவன் வந்திருக்கிறான். அவன் திரும்பி வர, இவன் விலகியிருக்கிறான். ஒரு இடம் வெறுமையாக் கிடக்கேல்லை. கரைவலை இழுக்கிறவையள் இப்பிடித்தானே நிப்பினம்? இதுக்குள்ளால எந்த மீன் போகும்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அப்போது நான் கண்டது, யாரோ ஒருவரின் சப்பாத்து அடியிலிருந்து கழன்ற ஓர் ஆணியை. அதை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பூசை முடிந்தது. கோயில் வாசலில் ஊர் முழுக்க நிற்க, பூசை வைத்த பங்குச் சுவாமியும் நிற்க, மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

“அண்ணை, அஞ்சு கோல் எண்டு எழுதிப் போட்டியளாம்?”

“ஓம் தங்கச்சி. இரக்கப்பட்டுக் குறைச்சு எழுதினது.”

“ஒண்டும் வாங்கமாட்டினம்.”

அப்பா சிரித்த சிரிப்பில் கோயில் கூரைப் புறா பறந்தது. “நீ கருவாட்டைப் பார் தங்கச்சி. பந்தை நாங்கள் பாக்கிறம்.”

“கருவாட்டைக் காகமும்தான் பாக்குது. நான் சொன்னது நடந்தால் என்ன தருவியள்?”

“என்ன வேணும்?”

“றேடியோ பாடுற நேரமெல்லாம் நாங்கள் பொம்பிளையள் உள்ளுக்கு வந்து குந்துவம். நடக்காட்டி, ஒரு வருஷம் வாசகசாலையைக் கூட்டி மெழுகித் தாறன்.”

அப்பா கொஞ்சம் தயங்கினார். வாசகசாலைச் செயலாளர் அவர் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “ஓம் எண்டுங்கோ தலைவர். நிலம் கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார். அப்பா சுவாமிக்கு முன்னால் ஓம் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா, “உனக்கென்ன விசரே? அந்தப் பெட்டிக்குள்ள என்ன கிடக்குது?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

முதல் விளையாட்டு நாள் பின்னேரம் வாசகசாலைக்குள் ஆண்கள், வெளியே யன்னலோரம் பெண்கள். நான் கவிழ்த்து வைத்த பனையோலைக் கடகத்தின்மேல் ஏறி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வானொலியில் ஒருவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்டுக்காரர்கள் வருகிறார்களாம், அடிக்கிறார்களாம், நம்முடையவர்கள் மறிக்கிறார்களாம். திரும்பவும் வருகிறார்களாம், திரும்பவும் மறிக்கிறார்களாம். பின்னுக்கு நிற்கும் நால்வரையும் அவர் மதில் என்றார். ஆமை என்று ஒரு தரமும் சொல்லவில்லை.

பாதி நேரம் போனது. கோல் இல்லை. உள்ளே பீடிப் புகை கூடிக்கொண்டே போனது. சொந்த நாட்டு அணி ஒரேயொரு கோலாவது வாங்கவேண்டும் என்று அத்தனை ஆண்களும் அந்தோனியாரை வேண்டிக்கொண்ட பின்னேரம் எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வானொலிக்காரர் குரலை உயர்த்தினார். அந்த நாட்டுக்காரன் ஓங்கி அடித்தான், பந்து போகிறது, போகிறது—

அப்பா கதிரையிலிருந்து துள்ளி எழும்பி, “கோல்!” என்று இரண்டு கையையும் தூக்கினார்.

பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

அப்பாவின் கைகள் மேலேயே நின்றன. அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. யன்னலுக்கு வெளியே மாமி என்னிடம் மெல்லக் கேட்டார்: “அண்ணை எந்த நாட்டுக்காரர், பிள்ளை?” பெண்கள் சிரித்த சிரிப்பில் வானொலிக்காரர் சொன்ன அடுத்த நாலு வசனம் ஒருவருக்கும் கேட்கவில்லை. செயலாளர்கூடச் சிரித்தார்.

விசில் ஊதியது. பூச்சியத்துக்குப் பூச்சியம். கோலே விழாத விளையாட்டுக்குச் சீனவெடி கொளுத்திய ஊர் இந்த உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். பெண்கள் தகரத்தில் தட்டினார்கள், குரவை போட்டார்கள். மாமி எல்லோருக்கும் முன்னால் படியேறினார். வாசலில் நின்று, பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்து மணலை உதறிவிட்டு, நேரே போய் முன் வாங்கில் அமர்ந்தார். பின்னால் பதினைந்து பேர். நான் கம்பியை விட்டுவிட்டு ஓடிப்போய் மாமியின் மடியில் ஏறினேன். ஊர்த் திருநாளில் அந்தோனியார் சுரூபத்தைப் பார்க்கத் தோளில் தூக்கிவைத்தபோதுகூட நான் அவ்வளவு உயரத்தில் இருந்ததாக நினைத்ததில்லை.

அப்பா நல்ல மனிதர்தான். எழும்பித் தன் தாளைச் சுவரிலிருந்து தானே கிழித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு பற்றரி வீணாகும் என்று வானொலியை மூடப் போனார்.

“நிப்பாட்டாதேங்கோ அண்ணை.”

“பந்தடி முடிஞ்சுதே தங்கச்சி.”

“றேடியோ பாடுற நேரமெல்லாம் எண்டுதான் கதை. பந்தடி எண்டு ஆர் சொன்னது? சுவாமியைக் கேப்பமே?”

அப்பா கையை எடுத்தார். செய்தி போனது. அதற்குப் பிறகு ஒரு வறண்ட குரல், எந்தக் கரையில் காற்று எப்படி, எங்கே கடல் கொந்தளிக்கும், யார் போகவேண்டாம் என்று வாசித்தது. மன்னார் என்ற பெயர் வந்தபோது மாமி என் வாயைப் பொத்தினார். நான் ஒன்றும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பெண்கள் ஒருவரும் அசையவில்லை. வாசலில் வந்து நின்ற மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது பெரிய அலுப்பாக இருந்தது. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு இதைப் போய் ஏன் கேட்கிறார்கள் என்று, சட்டைக்குள் இருந்த சப்பாத்து ஆணியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அணி அடுத்த விளையாட்டுகளில் தோற்று வீடு வந்தது. மாமி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆனால் பின்னேரத்தில் ஒரு நாளும் தவறவில்லை. செய்தி முடிந்து அந்த வறண்ட குரல் ஓயும்வரை முன் வாங்கில் இருந்துவிட்டு, நேரே கடற்கரைக்குப் போய் ஒவ்வொரு மீன்வாடியாகக் காற்று எப்படி என்று சொல்லிக்கொண்டு வருவார். நானும் வாலாகப் போவேன், அடுத்த பந்தடிக்குத்தான் இத்தனை பாடும் என்று நம்பிக்கொண்டு.

பக்கத்து வீட்டுக்காரிகள் வேலிக்கு மேலால் கேட்டார்கள், பந்தடி முடிந்தும் ஏன் இந்த அலைச்சல் என்று. மாமி கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

“அதில வாசிக்கிற பொடியன்ர குரல் நல்லாயிருக்குதடி. உங்கட மனுசன்மாருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”