சதுர அடியில் வளர்ந்த வியட்நாம்

1. கலர் பிரிண்ட்

ஏகாம்பரம் நான் போட்ட கோட்டுப் படத்தைக் கையில் எடுத்தபோது பாராட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் உழைப்பு அது.

தி.நகரில் ப்ளைவுட் இறக்குமதி செய்யும் கம்பெனியில் டாக்குமென்டேஷன், அதாவது சரக்குக் காகிதங்கள் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தபோது ஒருமுறை, மலேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் பத்து வருடத்தில் எங்களுக்கு எவ்வளவு பலகை வந்தது என்று ஒப்பிட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. எந்த நாட்டுச் சரக்கு கூடிவருகிறதோ அந்த நாட்டு மில்லோடு மட்டும் வருட ஒப்பந்தம், மற்றதற்குக் கும்பிடு. அதுதான் அவர் திட்டம்.

பழைய பேக்கிங் லிஸ்டுகளைத் தூசி தட்டி, தும்மித் தும்மி, எல்லாவற்றையும் சதுர அடியில் கூட்டினேன். எங்கள் தொழிலில் எதையும் சதுர அடியில்தான் பேசுவோம். வியட்நாம் கோடு ஏறிக்கொண்டே போனது, மலேசியா கோடு படுத்துவிட்டது. பெருமை தாங்காமல் கலரில் பிரிண்ட் எடுத்தேன்.

ஏகாம்பரம் எங்கள் வாடிக்கையாளர், ஈக்காட்டுத்தாங்கலில் மரப் பட்டறை வைத்திருப்பவர், அன்று பலகை பேச ஆபீசுக்கு வந்திருந்தார். திருவான்மியூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யும் ஆர்டர் அப்போதுதான் கிடைத்திருந்தது. அவர் பிடித்ததிலேயே பெரிய ஆர்டர். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும்.

"எல்லாம் நல்லாத்தான் கீது மேடம். இதுல பெஞ்சுக்கு ஆவுற பதினெட்டு எம்எம் எவ்ளோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பீரோவின் முதுகில் அடிக்கும் நாலு எம்எம் தடிமனுள்ள ஷீட்டும், ஆள் உட்காரும் பதினெட்டு எம்எம் பலகையும் என் கூட்டலில் ஒன்றாகவே இருந்தன. 

2. தடிமன்

மறுநாள் வியட்நாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அன்று மாலையே முதலாளியிடம் போய், என் கணக்கு தப்பு, இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள் என்றேன். கத்தினார். கத்துவார் என்று தெரிந்துதான் போனேன்.

திரும்பவும் அதே லிஸ்டுகள், அதே தும்மல். இந்த முறை தடிமனையும் பெருக்கி, கன மீட்டரில் கூட்டினேன். மெல்லியதற்கு ஒரு கோடு, கனமானதற்கு ஒரு கோடு. வியட்நாமின் ஏற்றம் பெரும்பாலும் மெல்லிய ஷீட்டில்தான். கனமான பலகையை வருடா வருடம் சத்தமில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது மலேசியா. அந்த மில்லை விட்டிருந்தால் ஏகாம்பரத்துக்கு ஜூனில் பெஞ்சும் இல்லை, பேரும் இல்லை.

ஒரு நல்ல செய்தியும் இருந்தது. கடைசி இரண்டு வருடமாக வியட்நாமிலிருந்தும் கனமான பலகை கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தது.

முதலாளி புதுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "பத்து வருசமா நானும் இப்படித்தாம்மா கூட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். திட்டு வாங்கத் தயாராக நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

இரண்டு மில்லோடும் ஒப்பந்தம் போட்டோம். கனமானது மலேசியாவிடம், மெல்லியது வியட்நாமிடம், கூடவே கனமானதில் ஒரு சின்ன டிரையல் லோடு.

3. ஜூன்

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் ஏகாம்பரம் என்னை அங்கே கூட்டிப்போனார். வரிசை வரிசையாகப் பெஞ்சுகள், புது வார்னிஷ் வாசனை. "குந்துங்க மேடம், உங்க பலகைதான்" என்றார். நான் கொஞ்சம் கனமான ஆள்தான். பயந்துகொண்டே உட்கார்ந்தேன். பெஞ்சு முனகக்கூட இல்லை. கண் கலங்கிவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நாடுகளை ஒப்பிடுங்கள், கோடு போடுங்கள், கலரில்கூடப் பிரிண்ட் எடுங்கள். ஆனால் கூட்ட ஆரம்பிக்கும் முன், அந்தப் பலகையில் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.