இருபது தப்படி தள்ளி ஒரு கிணறு

பூமிக்குள்ளே இருப்பதைச் சொல்லச் சொல்வார்கள். சொன்னால் மேலே நிற்கிற ஒருத்தனாவது நம்மைத் திட்டாமல் போக மாட்டான். கிணறு சோதனை பார்க்கும் உத்தியோகம் என்றால் இதுதான். என்னைப் போலக் கயிறும் கடிகாரமுமாகக் காடு காடாய் அலைந்த பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எண்ணெய் எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கிணற்றை இறைத்துத் தள்ளி, பிறகு எவ்வளவு நேரத்தில் எத்தனை அடி ஊறுகிறது என்று கயிறு விட்டு அளப்போம். சேலத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, நூலுக்குக் கஞ்சி போடும் அளவு தண்ணீரை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அதெல்லாம் நடந்தது.

வண்டியிலேயே எழுதிய ரிப்போர்ட்

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தகராறு. செங்கோடன், நாச்சிமுத்து என்று அண்ணன் தம்பி. பாகம் பிரித்தபோது பழைய கிணறு அண்ணன் பக்கம் போய்விட்டது. தம்பி தன் பங்குக்கு வந்த காட்டில் இருபது தப்படி தள்ளிப் புதுக் கிணறு வெட்டினான். அவனும் பெண்சாதி பாவாயியும் பாறையை உடைத்து, கல்லைத் தலையில் சுமந்து வெட்டிய கிணறு. அதை நம்பித்தான் அவர்கள் மஞ்சள் வைத்திருந்தார்கள். "என் தண்ணியை இவன் கிணறு இழுக்குது" என்று அண்ணன் பிராது கொடுத்தான். ஊர் மணியக்காரர் சபை கூட்டித் தீர்ப்புச் சொன்னார்: பின்னால் வெட்டிய கிணறு முன்னால் வெட்டியதை இழுத்தால் அதை மண் போட்டு மூடிவிட வேண்டும், யார் கிணறானாலும் சரி. இழுக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான்.

இருபது தப்படிதானே, இழுக்காமல் என்ன செய்யும்? வண்டியில் வரும்போதே பென்சிலால் 'தொடர்பு உண்டு' என்று ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டேன். இப்படி எழுதாதவன் எங்கள் வேலையில் இருந்தால் கையைத் தூக்கட்டும். என் காகிதத்தைப் பாவாயி எட்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனாலும் கேட்டாள்: "ஏனுங்க சாமி, எஞ்சினை இன்னும் வண்டியை உட்டு எறக்கவே இல்லீங்களே, அதுக்குள்ள என்னத்தைங்க எழுதிப்போட்டீங்க?"

தாகம் எடுத்த எருமைகள்

புதுக் கிணற்றில் எஞ்சின் இறைக்கும். பழைய கிணற்றை யாரும் தொடக்கூடாது. அதில் தண்ணீர் இறங்குகிறதா என்று நான் பார்க்க வேண்டும். முதல் நாள் காலை முழுக்க, நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டிலேயே தண்ணீர் நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒரு முழம் இறங்கியிருந்தது. நாச்சிமுத்துவுக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கோ, எழுதியதை அழிக்க வேண்டாம் என்று உள்ளூரச் சந்தோஷம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் கவனித்தேன். மாடு பூட்டித் தண்ணீர்ச் சால் இழுக்கிற அண்ணனின் வடக்கயிறு சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. நான் சாப்பிடப் போன நேரத்தில் மனுஷன் இறைத்துத் தள்ளியிருக்கிறான்.

"என்னங்க இது?"

"எருமைக்குத் தண்ணி காட்டினேனுங்க."

"ரெண்டு எருமைக்கு ஒரு முழம் தண்ணியா?"

ஆள் அசரவில்லை. "வெயில் காலமுங்க. எருமைக்குத் தாகம் எடுத்தா, அது உங்க கடிகாரத்தைப் பார்த்துட்டுங்களா குடிக்கும்?"

பாதிச் சால்

மறுநாள் அவனுடைய சாலையும் வடத்தையும் கழற்றி என் வண்டியில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டையும் பழைய கிணற்று மேட்டிலேயே வைத்துக்கொண்டேன். விடிந்ததிலிருந்து எஞ்சின் நிற்காமல் ஓடியது. உச்சி நேரத்தில் புதுக் கிணறு சேறு தெரிய வற்றியது. பழைய கிணற்றில் கோட்டை விட்டு ஒரு விரல்கூட இறங்கவில்லை. புதுக் கிணற்றுக்குள்ளே இறங்கிப் பார்த்தேன். அண்ணன் பக்கத்துச் சுவர் முழுக்க ஒரே கருங்கல், ஊசி நுழையாது. வந்த தண்ணீரெல்லாம் கிழக்கே, கை நுழைகிற ஒரு வெடிப்பிலிருந்துதான். நம் பக்கத்துப் பாறை அப்படி. ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் சல்லடை. தப்படியை எண்ணி அதைக் கணக்குப் போட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பென்சில் எழுத்தை அழிக்க உட்கார்ந்தேன்.

அழித்து முடிப்பதற்குள் மணியக்காரரின் பண்ணையாள் ஓடிவந்தான். அவர் கிணறு கிழக்கே நாலு காடு தள்ளி இருக்கிறது. "ஏனுங்க, காலையில இருந்து எங்க கிணத்துல சால் பாதிதானுங்க மொள்ளுது. தண்ணி எங்கீங்க போச்சு?" என்று கேட்டான். எஞ்சின் கொட்டிய தண்ணீர் மஞ்சள் பாத்தியில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பாவாயி சொன்னாள்: "இங்கதான் வந்திருக்குது. சௌக்கியமா இருக்குதுன்னு உங்க மணியக்காரர்கிட்டச் சொல்லிப்போடு."

மணியக்காரர் வந்தார்

அவர் நம்பவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அவர் கிணற்றில் தண்ணீர் ஏறியது. ஓட்டச் சொன்னார், இறங்கியது. மூன்று தரம் ஆள் விட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப இவன் கிணத்தை மூடிப்போட வேண்டியதுதான். என் தண்ணியைத்தானே இழுக்குது" என்றார். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். நானே அளந்து, நானே கிணற்றுக்கு மண் போட்ட மாதிரி ஆகிவிட்டதே!

பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏனுங்க மாமா, எங்க கிணத்துல தண்ணி கண்டு ரெண்டு வருசம் மஞ்சள் வெட்டியாச்சுங்க. நீங்க போன மாசியிலதானுங்க பூசை போட்டு உங்க கிணத்தை வெட்டுனீங்க. பின்னால வெட்டுனது எதுங்க?"

கூடியிருந்த சனம் வாயைப் பொத்திக்கொண்டது. செங்கோடன் மட்டும் அடக்க மாட்டாமல் சிரித்தேவிட்டான். மணியக்காரர் கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாறைக்குள்ள நடக்கற சமாச்சாரத்துக்கெல்லாம் நாம எப்படீங்க தீர்ப்புச் சொல்றது? அவங்கவங்க கிணத்துல அவங்கவங்க எறைச்சுக்கட்டும். போங்க, போய்ச் சோலியைப் பாருங்க."

கூடப் பிறந்த அண்ணனோடு ஒட்டாத கிணறு, நாலு காடு தாண்டி மணியக்காரரோடு பங்காளியாகிவிட்டது. பாறை யாரைக் கேட்டு வெடிக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.