பாதியில் நிறுத்திய ஊசி

நேற்று கிளினிக்கில் ஸ்பிரிட் வாடை பட்டதும் ஆத்திரம் பொங்கியது. எங்கள் காஜா பேராங் பகுதியில் இன்று கார்கள் நிற்கும் இடத்தில், என் சிறு வயதில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அதன் ஸ்டவ்வில் ஊசிகள் கொதிக்கிற சத்தம் கேட்டாலே, காலைதோறும் காசநோய் ஊசிக்கு வந்த நான் பெஞ்சைக் கட்டிக்கொண்டு அலறுவேன். இருமல் நின்றதும் அம்மாவை நச்சரித்து ஊசியை நிறுத்த வைத்தேன்.

“பையன் தேறிட்டான், டாக்டர். போதும்,” என்றாள் அம்மா.

“இருமல் நின்னா நோய் போச்சா? இவன்கூட யாரும்மா படுக்கிறது?” என்று கத்தினார் டாக்டர்.

“இவன் தங்கச்சி.”

அந்த ஆளுக்குப் பைத்தியம் என்று வழியெல்லாம் திட்டினேன். நாங்கள் திரும்பப் போகவில்லை.

சில மாதத்தில் எனக்கு இருமல் திரும்பியது, தங்கச்சிக்கும் ஒட்டியது. நான் பிழைத்தேன். மெர்டேக்கா சுதந்திர நாள் ஊர்வலத்துக்குத் தைத்த கவுனை அவள் போடவேயில்லை.

அன்று அழுத என் வாயில் அறைய ஒருவரும் இல்லாமல் போனார்களே.