கப்பல் வந்த நாளில் மயிலிட்டியில் விழுந்த அடி

வான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தால் சண்டையில் கால்கள் மட்டும்தான் தெரியும். அடிப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதைக் கால்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பின்னுக்குப் போகிற கால்கள் வாங்குகிறவை. மயிலிட்டித் துறைமுகத்தில் அன்று நான் பெற்ற ஞானம் இது. ஐம்பது வயதில், இந்தத் தொந்தியையும் வைத்துக்கொண்டு அதற்குள் எப்படிப் புகுந்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. புகுந்தது தனியாக. வெளியே இழுக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

அக்கரையில் இருக்கிற இந்தியாவிலிருந்து காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பல் வருகிற நாட்களில் நான் வழிகாட்டி. காலையில் இறங்குபவர்களை ஏற்றிக் கீரிமலை, நல்லூர், கோட்டை எல்லாம் காட்டி, கப்பல் புறப்பட முன்னர் கொண்டுவந்து சேர்ப்பேன். இடையிடையே பகிடி விட்டுச் சிரிக்கவைப்பேன். வானை ஓட்டுபவரை நான் அண்ணை என்பேன். மயிலிட்டிக்காரர். போர்க் காலத்தில் ஊரை விட்டு எழும்பி, பாதி வாழ்க்கையை முகாமில் கழித்து, இராணுவம் காணியை விடுவித்ததும் திரும்பி வந்து, படகும் வலையும் வாங்கித் தொழில் தொடங்கியவர். அக்கரை இழுவைப்படகுகள் ஒருமுறை அந்த வலை முழுவதையும் வாரி அறுத்துக்கொண்டு போயின. அவர் கரைக்குக் கொண்டுவந்தது ஒரு மிதவையையும் கொஞ்சக் கயிற்றையும்தான். அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. அதைப் பற்றிக் கதைப்பதும் இல்லை. கதைப்பதை என்னிடம் விட்டுவிட்டார்.

அன்று கீரிமலையில் எல்லோரும் கேணிக்குள் இறங்கிக் கும்மாளமடிக்க, தடித்த மனிதர் ஒருவர் மட்டும் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மயிலிட்டி எவ்வளவு தூரம்? பிடிச்சு வச்ச போட்டெல்லாம் அங்கதான கெடக்கு?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வராது. "போற வழிதான் ஐயா" என்றேன். அது போகிற வழி இல்லை. வானில் ஏறி மயிலிட்டிக்கு விடச் சொன்னதும் அண்ணை கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"உங்கை என்ன பார்க்கக் கிடக்கு?"

"சும்மா ஒரு படம் எடுக்கத்தான் அண்ணை."

எல்லை தாண்டி வந்து கடற்படையிடம் பிடிபட்ட அக்கரை இழுவைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாக உக்கிக்கொண்டு கிடந்தன. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். தடித்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு நீலப் படகின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு தோள் குலுங்க அழத் தொடங்கினார். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"உது உங்கடையோ?" என்று ஒருவன் மரியாதையாகத்தான் கேட்டான். நான் தடித்தவருக்குக் கண்ணைக் காட்டினேன், இருமினேன், காலைக்கூட மிதித்தேன்.

"ஆமாப்பா. எம் பொண்ணு பேர வச்ச போட்டு" என்றார் அவர்.

முதல் அறையில் அவருடைய மூக்குக்கண்ணாடி கடலுக்குள் போனது. அடுத்தது விலாவில் உதை. தலைமயிரைப் பிடித்து நெற்றியை அதே பலகையில் மோதினார்கள். நீலத்தில் இரத்தம் வழிந்தது. "எங்கடை கடலை வழிச்சுத் துடைச்சுப்போட்டு இஞ்சை வந்து அழுறியோ?" என்று ஒருவன் கத்தினான். "கல்லைக் கட்டி இறக்கு உவனை" என்றான் இன்னொருவன். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. கயிறு எடுக்க ஓடினான். மற்றப் பயணிகள் வானுக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். நானோ நடுவில் புகுந்து, "அண்ணைமார், இவர் சீனி வருத்தக்காரர், காயம் ஆறாது" என்று மன்றாடினேன். அந்த நேரத்தில் என் மூளை எட்டிய உச்சம் அதுதான். ஒரு கை என்னைத் தள்ளியது. விழுந்தவன் எழும்பவில்லை, வானுக்கு அடியில் உருண்டேன்.

கீழே கிடந்தபடி, வான் சில்லுக் கழற்றுகிற இரும்பை இருக்கைக்கு அடியிலிருந்து உருவுகிற சத்தம் கேட்டேன். பிறகு அண்ணையின் கால்கள் என் மூக்கருகால் போயின. ஓடவில்லை, நடந்தன.

"விலத்துங்கோ" என்றார். "இஞ்சை ஆரின்ரை வலை முழுசாப் போனது?"

சுற்றி நின்ற கால்கள் விலகின.

"என்ரை. அப்ப அடியும் என்ரை."

முகத்தில் குத்து விழுந்த சத்தம் சில்லுகளுக்கூடாக என் பல்லுக்கு வந்து சேர்ந்தது. தடித்தவர் மரம்போல் விழுந்தார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே, மூக்கு ஒரு பக்கம் திரும்பி, வாயெல்லாம் இரத்தம். என்னையே பார்த்தார். "ஒண்டுமில்லை ஐயா" என்றேன்.

"என்ரை அடி விழுந்திட்டுது. இனி ஆர் தொட்டாலும் மண்டை பிளக்கும்" என்றது அண்ணையின் குரல். கயிறோடு வந்தவன் அதை நம்பவில்லை. அவனுடைய கால்கள் கிட்ட வந்தன. இரும்பு இறங்கியது அவன் முழங்கைக்குக் கீழே என்று பிறகுதான் அறிந்தேன். எலும்பு முறிகிற சத்தம் விறகு முறிகிறதைப் போல அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அவன் அண்ணையின் சொந்தத் தங்கையின் மகன். அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. அண்ணை தடித்தவரைத் தூக்கி வானில் ஏற்றினார், என்னை இரண்டு பயணிகளோடு சேர்ந்து இழுத்தார், கிளம்பினோம்.

காங்கேசன்துறைத் துறைமுக வாசலில் பொலிஸ்காரர் அந்த முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு சொல் சொன்னால் அண்ணை உள்ளே. தடித்தவர் ஸ்டீயரிங்கில் கிடந்த அண்ணையின் வீங்கிய கையைப் பார்த்தார்.

"கேணிப் படியில வழுக்கிட்டேன் சார்."

பொலிஸ்காரர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "மூண்டு தரம் வழுக்கினவர் சேர்" என்றேன்.

கப்பலுக்குப் போக முன்னர் தடித்தவர் வானின் ஜன்னலுக்கு வந்தார். "போட்டுல எஞ்சின் கெடக்கா, கழட்டிட்டாங்களா?" அண்ணை அவரைப் பார்க்காமலே சொன்னார்: "கிடக்கு. தண்ணி ஏறியிருக்கு."

கப்பல்கள் இப்போதும் வருகின்றன. மயிலிட்டி பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், ரோட்டு உடைஞ்சு போச்சு என்கிறேன். நல்ல ரோட்டு. அண்ணையின் தங்கை வீட்டில் அவருக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. மருமகனின் கை கோணலாகத்தான் பொருந்தியிருக்கிறது. நான்தான் போகிற இடமெல்லாம் அவருக்காக வாதாடுகிறேன்: ஓர் அடியை அடித்து ஓர் உயிரைக் காப்பாற்றிய மனிதர் என்று. அண்மையில் வெறும் வானில் திரும்பும்போது அதை அவரிடமே சொல்லி, சரிதானே என்று கேட்டேன்.

"காப்பாத்த எண்டு அடிச்சிருந்தா," என்றார், "உவ்வளவு பலமா அடிச்சிருக்கமாட்டன்."