எரியாத கால்

இருசப்பனுக்கு வேண்டியிருந்தது உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. அவ்வளவுதான். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தபோது அவருடைய போர்வையை உருவிக்கொண்டு போனார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒருமுறை எவனோ குடிகாரன் அவர் முகத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டுச் சிரித்தான். அதன் பிறகு அவர் கண்ணை முழுசாக மூடித் தூங்கியதே இல்லை.

வாலிபம் முழுக்க உப்பளத்தில் உப்பு வாரினவர். சம்சாரம் செத்தாள், குடிசை மச்சினன் கைக்குப் போயிற்று. வலது உள்ளங்காலில் புண் வந்ததும் உப்பள மேஸ்திரியும் வேலை இல்லையென்றுவிட்டார். மாதா கோயில்காரர்கள்தான் வேனில் ஏற்றி வந்து, கூனிமேட்டுக்கு அப்பால் ரோட்டோரம் இருந்த தங்கள் இல்லத்தில் ஒரு கட்டில் கொடுத்தார்கள்.

இல்லத்தில் இரண்டு பகுதி. முன்னால் பெரிய ஹால், வரிசையாகக் கட்டில்கள். பின்னால் சின்னச் சின்ன அறைகள். தேறி, வேலைக்குப் போகத் தொடங்கியவர்களுக்கு அந்த அறை; சொந்தச் சாவி. கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு வெளியே தனியாகப் பிழைக்கப் போய்விட வேண்டும். இப்போது ஓர் அறை காலியாக இருந்தது.

"நிக்கணும், நடக்கணும், உங்க வேலைய நீங்களே பாக்கணும்" என்றார் இல்லத்தை நடத்தும் ஃபாதர் அந்தோணிசாமி. "இது ஆஸ்பத்திரி இல்ல இருசப்பன். பெரிய வியாழனுக்குள்ள புண் ஆறிட்டா, பாதம் கழுவுற பன்னெண்டு பேர்ல நீங்களும் உக்காருங்க. அதுல இருந்துதான் ரூமுக்கு ஆள் எடுப்பேன்."

பெரிய வியாழன் என்றால் ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை. ஏசு தன் சீடர்களின் காலைக் கழுவினதை நினைத்து, பூசையில் சாமியார் பன்னிரண்டு பேர் பாதத்தைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். இந்த வருஷம் புதுச்சேரியிலிருந்து வயதான சாமியார் ஒருவர் வருகிறார். இல்லத்துக்கு உதவி செய்கிறவர்களும் காரில் வருகிறார்கள்.

பக்கத்துக் கட்டில் பக்கிரிக்கும் அந்த அறை மேல் கண். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், குடியில் எல்லாம் போனவன். இங்கே வந்தபின் சாராயத்தைத் தொடவில்லை.

"இன்னாண்ணே, உன் கால மோந்து பாத்தா சாமியாரு பூசைய விட்டே ஓடிடுவாரு" என்றான்.

"நீ வாயத் தொறந்தாலும்தான்டா ஓடுவாரு."

ஹாலே சிரித்தது. இருசப்பனும் சிரித்தார். ஆனால் பயமாக இருந்தது.

கட்டுப் போடும் சிஸ்டர் மேரிசெல்வி தினமும் சொன்னதையே சொன்னார். "சுகர் ஏறிக்கெடக்குதுங்க. நடக்காதீங்க. தண்ணியில கால வெச்சிடாதீங்க."

"டீயில சக்கரையே போடறதில்லியே சிஸ்டர்."

"அந்தச் சக்கரை இல்லீங்க இது."

உப்பளத்துக்காரர்களுக்குப் புண்ணைப் பார்க்க டாக்டர் தேவையில்லை. உப்புப் பாத்தியில் இறங்கினால் தெரிந்துவிடும். உப்பு ஏறிக் கடுத்த தண்ணீரில் கால் எரிந்தால் புண் பச்சையாக இருக்கிறது, வீட்டுக்குப் போ. எரியவில்லையா, ஆறிவிட்டது, உப்பு வாரும் பலகையை எடு. மேஸ்திரி அப்படித்தான் ஆள் பிரிப்பார். இத்தனை காலத்தில் அது ஒருதரம்கூடப் பொய்த்ததை இருசப்பன் பார்த்ததில்லை.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று எல்லாரும் ஓலை பிடித்துக்கொண்டு பவனி போனபோது அவர் ரோட்டைத் தாண்டி உப்பளத்துக்கு நடந்தார். கட்டை அவிழ்த்துவிட்டுப் பாத்தியில் காலை வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

எரியவில்லை.

காலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. பஞ்சுமேல் நிற்பது போல இருந்தது. வெள்ளை உப்பில் நின்றுகொண்டு அவர் அழுதார். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் மேலே பார்த்து இரண்டு கையையும் தூக்கினார்.

அப்புறம் தினமும் போனார். இன்னும் நன்றாகக் காயட்டும் என்று காலை ஊறவைத்தார். சிஸ்டரிடம், "ஆறிடிச்சி, வேற யாருக்காவது கட்டுங்க" என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் காலைக் காட்டச் சொன்னார். இவர் மேல்பக்கத்தைக் காட்டினார். பண்டிகை வேலை தலைக்கு மேல் இருந்தது. சிஸ்டர் திருப்பிப் பார்க்கவில்லை.

வியாழன் மாலை பன்னிரண்டு நாற்காலிகள். எல்லாருக்கும் புது வேட்டி. இருசப்பன் கடைசி நாற்காலி, பக்கத்தில் பக்கிரி. சாம்பிராணிப் புகையில் எந்த வாடையும் தெரியவில்லை. பெரிய சாமியார் மண்டிபோட்டு ஒவ்வொரு பாதமாகக் கழுவி வந்தார். உதவி செய்கிறவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

இருசப்பன் காலில் தண்ணீர் விழுந்தது. சாமியார் வெள்ளைத் துண்டால் அடிப்பாதத்தைத் துடைத்தார். துண்டோடு தோலும் கொஞ்சம் கறுப்புச் சதையும் வந்தன. உள்ளே ஏதோ நெளிந்தது. அப்போதுதான் நாற்றம் எழுந்தது.

முன்வரிசையில் ஓர் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். செல்போன்கள் இறங்கின. சாமியார் தலையைக் குனிந்தார். முத்தத்துக்குத்தான் குனிகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் துண்டை அந்தக் கால் மேலேயே போட்டு மூடிவிட்டு எழுந்து, கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

"சாமி, வலியே இல்ல சாமி. எரியவே இல்ல. ஆறிடிச்சி" என்றார் இருசப்பன்.

ஃபாதர் அந்தோணிசாமி அவர் காதருகே குனிந்தார். "ஏன்யா இப்படி மானத்த வாங்கின?"

பாட்டுக்குழு சத்தமாகப் பாட ஆரம்பித்தது. பக்கிரி தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அரசு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஈஸ்டர் கழிந்து சிஸ்டர் மேரிசெல்வி மட்டும் பார்க்க வந்தார். கையில் பிஸ்கட்டும் இருசப்பனின் துணிப்பையும். பையைக் கட்டிலடியில் வைத்தபோதே இருசப்பனுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ரூம யாருக்குக் குடுத்தாங்க?"

"பக்கிரிக்குங்க."

"தாப்பா ஒழுங்கா விழுதாமா?"

சிஸ்டர் பிஸ்கட்டைப் பிரித்து அவர் பக்கத்தில் வைத்தார். "நடக்க முடியாதவங்கள வெச்சிக்க முடியாதுன்னு ஃபாதர் சொல்லிட்டாருங்க. நாளைக்கு இங்கேருந்தும் அனுப்பிடுவாங்களாம். மரக்காணத்துல யாராவது இருக்காங்களா உங்களுக்கு?" என்றார்.

இருசப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டினார்.

"எரியுது சிஸ்டர்."

"எங்கங்க?"

"கட்ட வெரல்ல இருந்து குதிகால் வரைக்கும். கடுந்தண்ணியில வெச்ச மாரி எரியுது. ராவெல்லாம் தூக்கமில்ல." சொல்லும்போது அவர் முகம் தெளிந்தது. "அப்ப பச்சப் புண்ணுதான். இன்னும் ஆறல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். எரியிறது நிக்கட்டும். நின்னதும் நடந்து வந்துடறேன். அதுக்குள்ள இன்னொரு ரூமு காலியாவும்ல? ஃபாதர் கிட்ட சொல்லி வைங்க."

"சரிங்க" என்றார் சிஸ்டர்.

அவர் போன பிறகு இருசப்பன் வெறும் போர்வையை உள்ளங்கையால் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார், கால் இருந்த இடத்தில்.